எழுதியதைத்தான் தரும்: டிஎன்இஏ ஆன்லைன் கவுன்சலிங் ஒரு மதிப்பீடு

டிஎன்இஏ என்று எல்லோரும் சொல்லும் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கவுன்சலிங்கை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போட்டால், சீட் ஒதுக்கும் விதத்துக்கு ஐந்துக்கு நாலரை. விவரம் சொல்லும் விதத்துக்கு மூன்று. இந்த ஒன்றரை வித்தியாசத்தில்தான் நல்ல கட் ஆஃப் வைத்திருக்கும் பிள்ளைகள் வேண்டாத கல்லூரியில் போய் உட்கார்கிறார்கள். கம்ப்யூட்டர் யாரையும் ஏமாற்றுவதில்லை. என்ன எழுதினோமோ, எந்த வரிசையில் எழுதினோமோ, அதை எழுத்துப் பிசகாமல் செய்கிறது. சிக்கல் அங்கேதான்.

2017 வரை இதற்காகக் குடும்பத்தோடு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும். தங்கள் முறை வரும்போது என்னென்ன காலியாக இருக்கிறது என்பதைத் திரையில் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒன்றைக் கைகாட்டினால் முடிந்தது. 2018-இல் ஆன்லைனுக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அலைச்சல் மிச்சம், ஆனால் வேலையின் தன்மையே மாறிவிட்டது. அன்று கண்ணெதிரே இருந்த காலியிடத்தில் ஒன்றை எடுத்தோம். இன்று நம் முறை வரும்போது எது மிஞ்சியிருக்கும் என்று தெரியாமலே ஆசைகளை முன்கூட்டி வரிசைப்படுத்திக் கொடுக்கிறோம். பழைய முறையின் பழக்கத்தில் பட்டியல் போடுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. கொடுக்கிற காசுக்கு இது மலிவான சேவை. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பக் கட்டணம் கட்டியவர்களுக்கு இந்த மலிவு இன்னும் நன்றாகப் புரியும். சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினால், டிஎஃப்சி என்கிற சேவை மையத்தினர் சரிபார்க்கிறார்கள். தெளிவில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். செல்போனில் சாய்வாக எடுத்த, பாதி நிழல் விழுந்த சாதிச் சான்றிதழ் படம் அப்படித் திரும்பி வரத்தான் செய்யும். கடையில் ஸ்கேன் செய்ய ஆகிற சில்லறையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிவு செய்யும்போது கடைக்காரரின் மொபைல் எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்துவிடுவது. ஓடிபி, அறிவிப்பு எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். பதிவு மே மாதம். சீட் உறுதி செய்ய வேண்டிய நாள் ஜூலை, ஆகஸ்டில் வரும். அதுவரை ரீசார்ஜ் தீராமல் கையில் இருக்கப் போகிற எண்ணை மட்டும் கொடுங்கள். கடையில் பதிவு செய்திருந்தால் வீட்டுக்கு வந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அந்த பாஸ்வேர்டில் இருக்கிறது.

சான்றிதழ்களில் மூன்று இடங்களில் சறுக்கல் வருகிறது. ஒன்று, சாதிச் சான்றிதழ். சரியான சான்றிதழ் இல்லையென்றால் பிசி, எம்பிசி என்று சொல்லிக்கொண்டாலும் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். என்ஐடிகளுக்கான ஜோசா கவுன்சலிங்குக்கு வாங்கும் ஓபிசி சான்றிதழ் மத்திய அரசு வடிவம்; டிஎன்இஏவுக்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழ். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று செல்லாது. இரண்டு கவுன்சலிங்கிலும் நிற்கிறவர் இரண்டையும் வாங்க வேண்டும். இரண்டு, இருப்பிடச் சான்றிதழ். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இது வேண்டாம். இடையில் ஒரு வருடம் அப்பாவின் வேலை மாற்றத்தால் பெங்களூரில் படித்திருந்தால் வேண்டும். மூன்று, முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இருக்கக் கூடாது. அக்கா டிகிரி முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. சான்றிதழோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழியும் ஏற்ற வேண்டும். சான்றிதழை மட்டும் ஏற்றிவிட்டு உறுதிமொழியை மறப்பது வாடிக்கை. இவையெல்லாம் தாலுகா அலுவலகம் வழியாக வர வேண்டியவை. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பதைவிட, பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இனி மதிப்பெண். 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது; பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கட் ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதத்துக்கு இரட்டை எடை என்பது பலருக்குத் தெரியும், ஆனால் அது செய்கிற வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒருவர் கணிதம் 94, இயற்பியல் 88, வேதியியல் 91. மொத்தம் 273. கட் ஆஃப் 94, 44, 45.5 சேர்த்து 183.5. இன்னொருவர் கணிதம் 88, இயற்பியல் 94, வேதியியல் 95. மொத்தம் 277. கட் ஆஃப் 182.5. மொத்தத்தில் 4 மதிப்பெண் கூடுதலாக வாங்கியவர் கட் ஆஃபில் ஒரு மதிப்பெண் பின்தங்குகிறார். நெரிசல் மிகுந்த இடத்தில் ஒரு மதிப்பெண் என்பது ஆயிரக்கணக்கான ரேங்க். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா என்று யோசிப்பவர் கணித விடைத்தாளில்தான் முதலில் கை வைக்க வேண்டும்: அங்கே ஏறுகிற 2 மதிப்பெண் அப்படியே 2, வேதியியலில் ஏறுகிற 2 வெறும் 1.

கட் ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் பார்க்கிறார்கள். அதிலும் சமம் என்றால் மற்ற மதிப்பெண்கள், பிறகு பிறந்த தேதி, மூத்தவருக்கு முன்னுரிமை. எல்லாமே ஒன்றாக இருந்தால் மட்டும் கடைசியில் ரேண்டம் எண். அந்த எண் வெளியாகும் நாளில் 'என் எண் பெரியதா, சின்னதா' என்று வீட்டில் நடக்கும் கவலைக்கு, கிட்டத்தட்ட எல்லோருக்குமே, எந்த அர்த்தமும் இல்லை.

சிபிஎஸ்இ மாணவர்களுக்கு மதிப்பெண் சமன்படுத்தல் உண்டு. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் அதிகபட்சம் 100, மற்ற வாரியத்தின் அதிகபட்சம் 90 என்றால், அந்த 90 இங்கே 100 ஆகக் கணக்கிடப்படும். அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66. இரு வாரியங்களிலும் யாரோ ஒருவர் சதம் அடித்துவிட்டால் இந்தக் கணக்கால் யாருக்கும் ஒரு புள்ளியும் கூடாது. 'சிபிஎஸ்இக்கு ஏற்றிக் கொடுப்பார்கள்' என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ரேங்க் பட்டியலில் பொது ரேங்க், சமூக ரேங்க் என்று இரண்டு வரும். இரண்டும் வேண்டும். இடங்களில் பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம், பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, எஸ்சிஏ 3, எஸ்டி 1. பொதுப் பிரிவு இடம் எல்லோருக்கும் திறந்தது; பிசி மாணவருக்கு முதலில் அதில் இடம் பார்த்துவிட்டுத்தான் பிசி இடத்துக்கு வருவார்கள். ஆகவே நீங்கள் கேட்கும் பாடப்பிரிவில் இரண்டு கதவுகளும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. பட்டியல் வந்ததும் பெயர், மதிப்பெண், சமூகம் மூன்றையும் பாருங்கள். தவறு இருந்தால் முறையிடுவதற்குச் சில நாள்தான் அவகாசம். சுற்று தொடங்கிய பிறகு சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் ஆசைப்படும் வரிசையில் பட்டியலிடுவது. இந்தச் சேவையின் இதயமும் இதுதான், காலை வாரும் இடமும் இதுதான். ரேங்க்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்று. உங்கள் சுற்றில் பட்டியல் கொடுக்க மூன்று நாள். இங்கே பந்திக்கு முந்த வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாள் காலை எழுதினாலும் மூன்றாம் நாள் மதியம் எழுதினாலும் ஒன்றுதான். ஒதுக்கீடு ரேங்க்படி நடக்கும். ஆனால் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணி நெருங்கும்போது பட்டியலை லாக் செய்து முடிக்கலாம் என்று காத்திருப்பது வேண்டாத வேலை.

கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். இடம் இருக்கிறதா? கொடுக்கும். இல்லையா? இரண்டாவது வரி. இப்படியே இறங்கி, முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிற்கும். நீங்கள் எட்டாக்கனிகளாக முப்பது வரி எழுதி, 31-ஆவது வரியில் நியாயமான கல்லூரியை எழுதியிருந்தாலும், அந்தக் கல்லூரியை உங்களுக்குப் பின் ரேங்கில் இருப்பவர் உங்களுக்கு முன்னால் எடுத்துவிட முடியாது. அதனால் 'கிடைக்கக் கூடியதை மேலே போடு, இல்லையென்றால் அதுவும் போய்விடும்' என்று யாராவது சொன்னால், அவர் இந்த முறையைப் புரிந்துகொள்ளவில்லை. கிடைக்கக் கூடியதை மேலே போட்டால் அது கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்லது போய்விடும். பட்டியலை ஆசையின் வரிசையில் மட்டும் எழுத வேண்டும்.

எத்தனை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. முதல் சுற்றில் நாற்பது, நடு ரேங்க்குக்கு அறுபதிலிருந்து நூறு என்பது நியாயமான அளவு. பத்தோடு நிறுத்துகிறவர்கள் சீட் எதுவும் கிடைக்காமல் நிற்கும் அபாயத்தில் இருக்கிறார்கள். எடுக்கும் விதம் இப்படி: கடந்த ஆண்டு கடைசி ரேங்க் உங்களுடையதைவிட முன்னால் இருந்தவை கொஞ்சம், உங்கள் ரேங்க்கை ஒட்டியவை நிறைய, பின்னால் இருந்தவை போதுமான அளவு. இவற்றைத் திரட்டிய பிறகு ரேங்க்கை மறந்துவிட்டு, 'இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வேன்' என்று இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துங்கள். கடைசி வரி, கிடைத்தால் உண்மையாகவே போய்ச் சேர்வேன் என்று நீங்கள் சொல்லக்கூடிய கடைசிக் கல்லூரி. அதற்குக் கீழே சும்மா இருக்கட்டும் என்று ஒன்றையும் எழுதாதீர்கள். சும்மா எழுதியதுதான் பல வீடுகளில் வந்து நிற்கிறது.

அடுத்தது ஒவ்வொரு கல்லூரிக்கும் உள்ள கோடு எண். கிண்டி சிஇஜி வளாகம் 1, குரோம்பேட்டை எம்ஐடி 4, கோவை ஜிசிடி 2005, பிஎஸ்ஜி டெக் 2006, மதுரை தியாகராஜர் 5008. நான்கு இலக்க எண்களில் 2-இல் தொடங்குபவை பெரும்பாலும் கோவை வட்டாரம், 5-இல் தொடங்குபவை மதுரை வட்டாரம். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும்: ஒரே சாமி பெயர், ஒரே அறக்கட்டளையின் இரண்டு மூன்று கல்லூரிகள், 'இன்ஜினீயரிங் காலேஜ்' ஒன்று, 'காலேஜ் ஆஃப் இன்ஜினீயரிங்' இன்னொன்று. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் மாறிப்போகும். முதலில் நோட்டில் கோடு எண், பாடப்பிரிவுக் குறியீடு, ஊர் மூன்றையும் எழுதுங்கள். ஏற்றிய பிறகு பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, ஒருவர் நோட்டிலிருந்து எண்ணை மட்டும் உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரிண்டில் டிக் அடிக்க வேண்டும். நூறு வரிக்கு இருபது நிமிடம் ஆகும். அதில் ஒரு தவறாவது சிக்கும்.

பாடப்பிரிவுகளிலும் இதே கண்ணாமூச்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது ஏஐ-எம்எல் சேர்த்தது, சைபர் செக்யூரிட்டி சேர்த்தது, பிசினஸ் சிஸ்டம்ஸ் சேர்த்தது, தனியே ஏஐ மற்றும் டேட்டா சயின்ஸ் என வரிசை நீள்கிறது. ஒவ்வொன்றும் தனி வரி, தனிக் குறியீடு. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு முறை வரும். ஒன்றின் பக்கத்தில் எஸ்எஸ் என்றிருக்கும். அது அதே வளாகத்தில் நடக்கும் சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. உதவி பெறும் கல்லூரி என்று நம்பிப் போய், அங்கே கட்டண ரசீதைப் பார்த்து முழிப்பது இதனால்தான்.

பட்டியல் முடிந்ததும் தற்காலிக ஒதுக்கீடு வரும். அதை உறுதி செய்ய இரண்டு நாள். இந்த இரண்டு நாளில் எடுக்கும் முடிவுக்கு இணையதளம் தரும் விளக்கம் போதாது. மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் தர மனம் வராததற்கு முதல் காரணம் இதுதான். கிடைத்ததை ஏற்றுச் சேர்கிறேன் என்பது முதல் வழி. பிடித்தது கிடைத்திருந்தால் மறுயோசனை வேண்டாம். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே கிடைத்தால் மாறுகிறேன் என்பது இரண்டாவது. எல்லோரும் சுருக்கமாக 'அப்வர்டு' என்கிறார்கள். மறுத்துவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது, மொத்தமாக விலகுவது ஆகியவையும் உண்டு.

அப்வர்டைப் பற்றி நிலவும் பெரிய குழப்பம், அது அடுத்த சுற்று என்று நினைப்பது. இல்லை. அது இதே சுற்றுக்குள் நடக்கிறது. சீட் கிடைத்தவர்களில் சிலர் பணம் கட்டமாட்டார்கள், சேரமாட்டார்கள். என்ஐடி கிடைத்திருக்கும், மெடிக்கல் கிடைத்திருக்கும். அப்படிக் காலியாகும் இடங்களை, அப்வர்டு கேட்டவர்களுக்கு ரேங்க்படி ஏற்றிக் கொடுக்கிறார்கள். புதிதாகப் பட்டியல் போட முடியாது. உங்களுக்கு 42-ஆவது வரி கிடைத்திருந்தால், முதல் 41 வரிகள் மட்டுமே பார்க்கப்படும். அவற்றில் ஒன்று கிடைத்துவிட்டால் 42 தானாகவே கைவிட்டுப் போகும்; 'பழையதே பரவாயில்லை' என்று திரும்ப முடியாது. ஆகவே அப்வர்டு கொடுக்கும் முன் அந்த 41 வரிகளையும் மறுபடி படியுங்கள். உண்மையாகவே அவை எல்லாம் 42-ஐவிட மேலா? வரிசையை அசட்டையாகப் போட்டவருக்கு அப்வர்டு ஆபத்து. ஒழுங்காகப் போட்டவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இந்த முறையில் வேறில்லை.

பணம் கட்டும் இடமும் வேறு. ஏற்றுச் சேர்கிறவர் நேரே கல்லூரிக்குப் போய்க் கட்டிச் சேர வேண்டும். அப்வர்டு கேட்டவர் கல்லூரிக்கு அல்ல, சேவை மையத்துக்குப் போய்க் கட்ட வேண்டும். கெடு சில நாள்தான். தவறினால் சீட் ரத்தாகி, அப்வர்டில் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். ஒதுக்கீடு வந்த பிறகு நகையை அடகு வைக்க அலைவதும், வங்கிக் கடனுக்கு அப்போதுதான் மனு எழுதுவதும் இந்தக் கெடுவுக்குள் அடங்காது. முதல் தவணைக்கான தொகை சுற்று தொடங்கும் முன்பே கணக்கில் இருக்க வேண்டும்.

மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது பெரும்பாலும் நஷ்டம். அடுத்த சுற்றில் உங்கள் ரேங்க் முன்னால் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இந்தச் சுற்றில் எடுத்தது போக மிச்சத்தில்தான் முன்னால் நிற்கிறீர்கள். பட்டியலையே தப்பாகப் போட்டுவிட்டு, வேண்டவே வேண்டாத ஒன்று வந்து மாட்டியவருக்கு மட்டும் இது சரியான வழி.

இரண்டாவது குறை, கடந்த ஆண்டு கட் ஆஃப் விவரம். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, சமூகவாரியாகக் கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணும் ரேங்க்கும் வெளியிடுகிறார்கள். இதற்காகவே பாராட்டலாம், ஆனால் எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது தவறு. கணித வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் 185 வாங்கியவர்கள் கூட்டமாக இருப்பார்கள். கடினமாக வந்த ஆண்டில் அதே 185 நல்ல ரேங்க். அதனால் உங்கள் ரேங்க்கை அந்தக் கல்லூரியின் கடைசி ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். இடங்களின் எண்ணிக்கையும் நிலையாக இல்லை. ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024-25 முதல் எடுத்துவிட்டது. தகுதியுள்ள கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டிக்கொள்ள முடிகிறது. முன்பு 60 இருந்த இடத்தில் 180 இருந்தால் பழைய கடைசி ரேங்க்குக்கு அர்த்தமில்லை. அங்கே நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்ந்த ரேங்க்குக்கும் கிடைக்கும். அதனால் முந்தைய ஆண்டுப் பட்டியலோடு இந்த ஆண்டின் இடங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தனியார் கல்லூரியின் மொத்த இடமும் கவுன்சலிங்குக்கு வராது என்பதும் கணக்கில் இருக்கட்டும்: சிறுபான்மையினர் அல்லாதவை 65 சதவீதம், சிறுபான்மையினர் நடத்துபவை 50 சதவீதம் ஒப்படைக்கின்றன.

மிச்சம்தான் நிர்வாக ஒதுக்கீடு. அதை விற்கும் புரோக்கர்கள் 'கவுன்சலிங்கிலேயே வாங்கித் தருகிறேன்' என்றும் சொல்வார்கள். கவுன்சலிங் சீட்டை ரேங்க்கும் பட்டியலும் தவிர வேறு யாராலும் வாங்கித் தர முடியாது. பட்டியல் நிரப்பித் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களும் அந்தக் கடைசி ரேங்க் பட்டியலைத்தான் பார்த்துச் செய்கிறார்கள். அது இணையத்தில் இலவசம்.

கட்டண விவரத்திலும் போதாமை இருக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் கவுன்சலிங் இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் உள்ள பிரிவுகளுக்கு 55,000 என்று 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தது. ஆனால் பல வீடுகளில் பட்ஜெட்டை உடைப்பது பஸ், ஹாஸ்டல், மெஸ். அவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஒதுக்கீட்டு ஆணையில் வராது. உங்கள் பட்டியலின் முதல் இருபது கல்லூரிகளுக்கு மட்டுமாவது போன் செய்து, முதல் ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. படிப்பு, விடுதி, போக்குவரத்துக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைகள் 'அந்தக் கல்லூரி நமக்குக் கட்டாது' என்று பட்டியலிலிருந்து நல்ல கல்லூரியை வெட்டுவது வீண். பள்ளியிலேயே யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

இனி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவை டிஎன்இஏ முதல் சுற்று தொடங்கும் முன்பே 'இந்தத் தேதிக்குள் கட்டினால்தான் சீட்' என்று கடிதம் அனுப்பிவிடும். கட்டுவதா, காத்திருப்பதா? கட்டுவதானால் திரும்பப் பெறும் விதியைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கு முறையாக அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். செயல்பாட்டுக் கட்டணமாக 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவித்திருக்கிறது. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணம். எனவே பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் எழுத்தில் வேண்டும்: அவர்களின் சேர்க்கைக் கடைசி நாள், அந்த ஆண்டுக்கான யுஜிசி சுற்றறிக்கை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்; போனில் சொன்னதற்குத் தேதி கிடையாது.

அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிப்பு சொல்கிறது. ஆனால் விதியைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது; டிஎன்இஏ கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் இன்னொரு கவுன்சலிங் நிலுவையில் இருக்கும்வரை டிசியை (மாற்றுச் சான்றிதழை) மட்டும் எங்கும் கொடுக்காமல் தள்ளிப் போடப் பாருங்கள்.

மூன்று சுற்றும் முடிந்த பிறகும் கதவு மூடுவதில்லை. பிளஸ் டூ துணைத் தேர்வில் பாஸ் ஆனவர்களுக்குத் துணைக் கவுன்சலிங் உண்டு. எஸ்சிஏ பிரிவில் நிரம்பாத இடங்களை எஸ்சி பிரிவினருக்கு மாற்றித் தரும் கவுன்சலிங் அதற்கடுத்து. இந்த இரண்டுக்கும் கால அவகாசம் குறைவு, அறிவிப்பும் அதிகம் காதில் விழாது. பொதுச் சுற்றில் விட்டவர்கள் சுற்றுகள் முடிந்த பிறகும் தினம் ஒருமுறை இணையதளத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

சேரப் போகிற நாளில் எடுத்துப் போக வேண்டியவை: ஒதுக்கீட்டு ஆணை, 10, 12 மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சலுகை கேட்டவர்கள் அந்தச் சான்றிதழும் உறுதிமொழியும், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. எல்லாவற்றிலும் நகல் மூன்று செட். அசல்களைக் கொடுக்கும்போது எதையெல்லாம் வாங்கிக்கொண்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி, கல்லூரி முத்திரையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேறு கல்லூரிக்கு மாற வேண்டி வந்தாலோ, கல்விக் கடனுக்கு வங்கி கேட்டாலோ முதலில் தேடப் போவது அந்தத் தாளைத்தான்.